துளசி ஒண்ணு, வாசம் பல: ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனமும் ராஜபாளையத்து மாந்தோப்பும்

ஸ்ரீவில்லிபுத்தூர்னா பால்கோவா, ராஜபாளையம்னா நாய். வெளியூர்க்காரங்க கிட்ட கேட்டா இதைத் தாண்டிப் பெரும்பாலும் போக மாட்டாங்க. கொஞ்சம் விவரமானவங்க ஆண்டாள் கோவிலையும் சப்பட்டை மாம்பழத்தையும் சேர்த்துக்குவாங்க. பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம் இடைவெளியில் இருக்கிற இந்த ரெண்டு ஊரையும் இணைக்கிற இன்னொரு சமாச்சாரம் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியும். மீத்தைல் யூஜினால்னு பேர். அங்கே துளசி இலையில் இருக்கும். இங்கே மாந்தோப்பில் பழ ஈயைப் பிடிக்கத் தொங்கவிடுற பொறியில் இருக்கும்.

துளசி இலையில் இருக்கும்னு சொன்னதில் ஒரு கொக்கி. எல்லாத் துளசியிலும் அது ஒரே அளவு இருக்காது. சில செடிகளில் எண்ணெயில் முக்கால் பங்கு அதுதான். இன்னொரு செடியில் பேருக்குத்தான் இருக்கும். ரெண்டும் துளசிதான். ரெண்டையும் பெருமாளுக்குச் சாத்தலாம், தாவரவியல்காரர் கிட்ட காட்டினா ரெண்டுக்கும் ஒரே லத்தீன் பேர்தான் சொல்வார். அப்புறம் ஏன் உள்ளே சரக்கு மட்டும் வேற வேறயா இருக்கு? இதுக்கு உருப்படியா ஒரு விடை கிடைக்க 1902-லிருந்து 2002 வரைக்கும் சரியா நூறு வருஷம் ஆச்சு. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், காபி எடுத்துட்டு வந்துடுங்க :-)

முதல்ல ஒரு மொழிப் பிரச்சனை. எசன்ஷியல் ஆயில்ங்கிறதை 'அத்தியாவசிய எண்ணெய்'னு மொழிபெயர்க்கிறாங்க. படிச்சா ரேஷன் கடை பாமாயில்தான் ஞாபகம் வருது. அதில் வர்ற எசன்ஷியலுக்கு அத்தியாவசியம்னு அர்த்தம் கிடையாது. எசன்ஸ், அதாவது சாரம்னு அர்த்தம். நான் வாசனை எண்ணெய்னே எழுதப்போறேன். துளசி இலையைக் கசக்கினா குப்புனு வருதே, அதுதான். இலை மேல்தோலில் இருக்கிற பொடிப்பொடியான சுரப்பிகளில் இந்த எண்ணெய் சேர்ந்து கிடக்கும். கசக்கும்போது சுரப்பி உடையுது, வாசம் வெளியே வருது. நூறு கிலோ பச்சைச் செடியை நீராவியில் வடிச்சா சில நூறு கிராம் எண்ணெய்தான் தேறும்.

*

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் துளசிக்கும் உள்ள உறவை நான் சொல்லித் தெரியணும்னு இல்லை. பெரியாழ்வார் நந்தவனம் வெச்சு வடபத்ரசாயிக்கு மாலை கட்டினவர். அந்த நந்தவனத்தில் துளசிச் செடிக்கு அடியில் ஆடிப்பூரத்தன்னைக்கு ஆண்டாளைக் கண்டெடுத்ததா வரலாறு. இன்னைக்கும் ஆண்டாள் சூடிக் களைஞ்ச மாலை சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை கள்ளழகருக்கும், பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும் போகுது. அந்த மாலையில் துளசி உண்டு. இந்த ஊரில் துளசிங்கிறது செடியை விட ஒரு படி மேல.

தாவரவியலில் அதே துளசிக்கு நடந்தது வேற கூத்து. லின்னேயஸ் 1753-ல் இதுக்கு ஓசிமம் டென்யுஃப்ளோரம்னு பேர் வெச்சார். 1767-ல் அவரே ஓசிமம் சாங்டம்னு இன்னொரு பேரும் வெச்சார். சாங்டம்னா புனிதமானது. பிற்பாடு ரெண்டும் ஒரே செடிதான்னு முடிவாகி, முதல்ல வெச்ச பேர்தான் செல்லும்ங்கிற விதிப்படி புனிதம் போய் 'மெல்லிய பூ' நின்னுடுச்சு. நம்ம ஊரில் பச்சை இலைன்னா ராம துளசி, கருஞ்சிவப்பு ஓடினா கிருஷ்ண துளசி. விஞ்ஞானத்துக்கு அந்த வித்தியாசமும் கிடையாது, ரெண்டும் ஒரே இனம்.

ஆக, ஒரு இனம், ஒரு பேர். உள்ளே இருக்கிற எண்ணெயும் ஒண்ணாத்தானே இருக்கணும்? நம்மளை விடப் பெரிய ஆளுங்களும் அப்படித்தான் நினைச்சாங்க.

*

காட்சி ஆஸ்திரேலியாவுக்கு மாறுது. நீலகிரித் தைலம்னு நாம தேய்ச்சுக்கிற யூகலிப்டஸோட பூர்வீகம் அதுதான். அங்கே காட்டில் இலையை வெட்டி, பெரிய அண்டாவில் போட்டுக் காய்ச்சி எண்ணெய் எடுக்கிறது பெரிய தொழில். எந்த மரத்தில் எந்த எண்ணெய் வரும்னு முன்கூட்டியே தெரிஞ்சா காசு.

சிட்னி தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் ரிச்சர்ட் பேக்கர், ஹென்றி ஸ்மித்னு ரெண்டு பேர். முதலாமவர் தாவரவியல், ரெண்டாமவர் வேதியியல். நூத்துக்கும் மேற்பட்ட யூகலிப்டஸ் வகைகளோட எண்ணெயைப் பகுத்து 1902-ல் ஒரு பெரிய புத்தகம் போட்டாங்க. அவங்க முடிவு: ஒரு இனத்தோட எண்ணெய் எங்கே வளர்ந்தாலும் ஏறக்குறைய மாறாது. இலையில் நரம்பு ஓடுற விதத்தைப் பார்த்தே உள்ளே எந்த எண்ணெய்னு ஊகிச்சுடலாம்னு கூட எழுதினாங்க. ரொம்ப அழகான கொள்கை. வெளியே பார்த்தா உள்ளே தெரிஞ்சுடும்.

அதே அருங்காட்சியகத்தில் அவங்களுக்கு அடுத்த தலைமுறையா வந்தவங்க ஆர்தர் பென்ஃபோல்டும் ஃபிராங்க் மாரிசனும். 1927-ல் யூகலிப்டஸ் டைவ்ஸ்னு ஒரு மரத்தை எடுத்துக்கிட்டாங்க. ஒரு மரத்தோட எண்ணெயில் பாதிக்குப் பக்கமா பைப்பரிடோன், மிட்டாய் மாதிரி புதினா வாசம். பார்க்க அச்சு அசலா அதே மாதிரி நிக்கிற இன்னொரு மரத்தில் பெரும்பகுதி சினியோல், அதாவது நம்ம தைல வாசம். இன்னொண்ணில் ஃபெலாண்ட்ரீன். இலை, பூ, காய், பட்டை எதைப் பார்த்தும் பிரிக்க முடியலை.

இதில் காசு எங்கே வருதுன்னா, பைப்பரிடோன் இருந்தா மென்தால், தைமால் பண்ணலாம். சினியோல் இருந்தா மருந்துக்குப் போகும். ஒரே மாதிரி மரங்களைக் கலந்து வெட்டி ஒரே அண்டாவில் போட்டுக் காய்ச்சினா ரெண்டுக்கும் உதவாத எண்ணெய்தான் கிடைக்கும். பென்ஃபோல்டும் மாரிசனும் இந்த ரகங்களை 'உடலியங்கியல் வடிவங்கள்'னு சொன்னாங்க. பிற்காலத்தில் கெமோடைப்ங்கிற பேர் நிலைச்சது. நாம வேதிரகம்னு வெச்சுக்கலாம்.

இருபத்தஞ்சு வருஷத்தில், அதே கட்டடத்தில், முந்தின தலைமுறையோட கொள்கை கவிழ்ந்தது. முன்னவங்க முட்டாள்களும் இல்லை. அவங்க பிரிச்சு, பகுத்து, எண்ணி வெச்சிருந்த அட்டவணை இருந்ததாலதான் எங்கே பொருந்தலைன்னு பின்னவங்களுக்குக் கண்ணில் பட்டது.

*

இப்போ கொஞ்சம் பின்னாடி போய் இந்தியாவுக்கு வருவோம். பீகாரில் பூசா. 1905-ல் ஆரம்பிச்ச இம்பீரியல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருந்தது. 1934 பூகம்பத்தில் கட்டடம் சேதமாகி, பிற்பாடு டெல்லிக்கு மாறினப்போ பூசாங்கிற பேரையும் கூடவே கொண்டு போயிட்டாங்க.

அங்கே ஃபிராங்க் ஹௌலட்னு ஒரு பூச்சியியலாளர். பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் கொசுத் தொல்லைக்குக் கைக்குட்டையில் சிட்ரோனெல்லா எண்ணெய் போட்டிருக்கார். கொசு போச்சோ என்னமோ, ஈ வந்து மொய்க்க ஆரம்பிச்சது. ஹௌலட் பார்த்தா எல்லாம் பழ ஈ, அதுவும் ஆண் ஈ மட்டும். 1912-ல் இதை எழுதினார். அதோட விடாம, அந்த எண்ணெயில் இருக்கிற பொருட்களை ஒவ்வொண்ணா தனித்தனியே வெச்சுப் பார்த்து, ஈயை இழுக்கிற ஆள் மீத்தைல் யூஜினால்தான்னு 1915-ல் சொன்னார். பக்கெட் பக்கெட்டா லாக் ஃபைலைப் படிச்சு ஒரு வரியைக் கண்டுபிடிக்கிற வேலை மாதிரி. என்ன, இங்கே லாக் ஃபைல் ஈ :-)

ராஜபாளையத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இங்கேதான். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து மாந்தோப்புக்காரங்களுக்குப் பழ ஈ என்னன்னு விளக்க வேண்டாம். பழுக்கிற நேரத்தில் பெண் ஈ தோலுக்கு அடியில் முட்டை வைக்கும். வெளியே பார்த்தா பழம் தங்கமா இருக்கும், வெட்டினா உள்ளே புழு நெளியும். 2014 மே மாசம் ஐரோப்பிய யூனியன் இந்திய மாம்பழத்தையே தடை செஞ்சதுக்குக் காரணம் இந்தப் பழ ஈதான். 2015-ல்தான் அந்தத் தடை நீங்கிச்சு.

ஆண் ஈ ஏன் இப்படிக் கிறங்குது? அது மீத்தைல் யூஜினாலைத் தின்னு, உடம்புக்குள்ளே மாத்தி, பெண் ஈயைக் கவர்ற வாசனையா வெளியிடுது. ஈ உலகத்து சென்ட் பாட்டில். அதையே பொறியில் வெச்சு விஷத்தோட தொங்கவிட்டா ஆண் ஈக்கள் வந்து சாகும், ஆண் இல்லாம இனம் பெருகாது. பசிபிக் கடலில் ரோட்டாங்கிற தீவில் இந்த முறையில பழ ஈயையே ஒழிச்சுக் கட்டினதா 1965-ல் அறிவிச்சாங்க.

வேளாண் கையேடுகளில் இதுக்கு ஒரு சிக்கன வழியும் உண்டு. கடையில் விக்கிற மீத்தைல் யூஜினாலுக்குப் பதிலா துளசி இலையைக் கசக்கிப் பொறியில் வைக்கிறது. நல்ல யோசனைதான். ஆனா எந்தத் துளசி? மீத்தைல் யூஜினால் ரகமா இருந்தா ஈ வரும். யூஜினால் ரகமா இருந்தா பொறியில் துளசி வாசம் மட்டும்தான் இருக்கும். ஒரு தோப்புக்காரர் "சூப்பர்"ங்கிறதும் அடுத்த தோப்புக்காரர் "சும்மா கதை"ங்கிறதும் ஒரே சமயத்தில் உண்மையா இருக்கலாம்.

*

யூஜினாலுக்கும் மீத்தைல் யூஜினாலுக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? சொன்னா சிரிப்பீங்க.

யூஜினால்ங்கிறது கிராம்பு வாசனை. பல் டாக்டர் கிட்ட போனா ஒரு வாசம் வருமே, அதிலும் இது உண்டு. துளசி இதை ஃபீனைல் அலனின்ங்கிற அமினோ அமிலத்திலிருந்து பல படிகள் தாண்டிச் செய்யுது. கடைசியில் யூஜினால் கிடைக்குது. சில செடிகள் அங்கேயே நிறுத்திக்கும். வேற சில செடிகளில் இன்னொரு நொதி வந்து, யூஜினாலில் ஒரு ஓரத்தில் இருக்கிற ஹைட்ரஜன் அணுவைக் கழட்டிட்டு அந்த இடத்தில் ஒரு மீத்தைல் குழுவை மாட்டிடும். ஒரு கார்பன், மூணு ஹைட்ரஜன். அவ்வளவுதான். பேர் மீத்தைல் யூஜினால் ஆயிடுச்சு, கிராம்புக் காரம் குறைஞ்சுடுச்சு, பழ ஈ வர ஆரம்பிச்சுடுச்சு.

அந்தக் கடைசி நொதியோட மரபணு வேலை செய்யுதா இல்லையாங்கிறதுதான் விஷயம். நம்ம பாஷையில் சொன்னா, புரோகிராம் முழுக்க ஒண்ணு, கடைசி ஃபங்ஷன் கால் மட்டும் ஒரு செடியில் கமெண்ட் அவுட் ஆகியிருக்கு. அவுட்புட் வேற.

இது எவ்வளவு சின்ன மாற்றத்தில் நடக்க முடியும்னு காட்டினது துளசியோட பங்காளி, திருநீற்றுப் பச்சிலை. சப்ஜா விதை தர்ற அதே செடி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேவிட் கேங், எரன் பிச்செர்ஸ்கி குழு 2002-ல் அதில் ரெண்டு நொதிகளைப் பிரிச்செடுத்தாங்க. ஒண்ணு யூஜினாலுக்கு மீத்தைல் மாட்டும். இன்னொண்ணு சாவிகால்ங்கிற பொருளுக்கு மாட்டும், அப்போ சோம்பு வாசனை வரும். ரெண்டு நொதியும் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல ஒரே மாதிரி. முன்னூத்தைம்பது சொச்சம் அமினோ அமிலங்களில் குறிப்பிட்ட ஒரே ஒரு இடத்தில் ஒண்ணை மாத்தினதும், சோம்பு நொதி யூஜினாலைப் பிடிச்சுக்கிச்சு! ஒரு எழுத்து மாறினா 'பால்' 'பல்' ஆகிற மாதிரி. 2015-ல் துளசியோட முழு மரபணுத் தொகுதியையும் லக்னோ சீமாப் குழுவும் பெங்களூர் குழுவும் தனித்தனியா வெளியிட்டாங்க.

*

சரி, எப்படினு புரிஞ்சுது. ஏன் இயற்கை ரெண்டு மூணு ரகத்தை விட்டு வெச்சிருக்கு? நல்லது ஒண்ணு ஜெயிச்சு மத்ததெல்லாம் அழிஞ்சிருக்க வேண்டாமா?

இதுக்கு நான் படிச்சதில் அழகான பதில் தெற்கு ஃபிரான்ஸில் இருக்கு. மோன்பெலியே பக்கம் தைம்னு ஒரு செடி, துளசிக் குடும்பம்தான். அதில் ஆறு வேதிரகம். சிலது தைமால், கார்வக்ரால்னு காட்டமான ஃபீனால்களைச் செய்யும். மத்தது லினலூல், ஜெரானியால் மாதிரி மென்மையான வாசனைகளைச் செய்யும். கல்லும் வெயிலுமான சரிவுகளில் காட்டமான ரகங்கள் நிறைய. செயின்ட் மார்ட்டின் டி லோந்த்ரேங்கிற பள்ளத்தாக்கில், குளிர்காலத்தில் குளிர்ந்த காத்து இறங்கித் தேங்கி உறைபனி பிடிக்கிற இடத்தில், மென்மையான ரகங்கள் நிறைய. காட்டமான ரகத்தைப் பூச்சியும் விலங்கும் அவ்வளவா தொடாது, ஆனா கடும் பனியில் அது கருகிடும். ஒரு இடத்தில் ஜெயிக்கிறது இன்னொரு இடத்தில் தோக்குது. அதனால ரெண்டும் பிழைச்சு இருக்கு.

இதுக்கு ஒரு திருப்பமும் உண்டு. 1956 பிப்ரவரியில் அங்கே பயங்கர உறைபனி. அப்புறம் அந்த அளவுக் குளிர் குறைஞ்சுகிட்டே வந்தது. 1970-களில் கணக்கெடுத்த அதே இடங்களை 2009, 2010-ல் திரும்பப் பார்த்தப்போ, காட்டமான ரகங்கள் முன்னே இல்லாத பகுதிகளுக்கும் பரவியிருந்தது. ஜான் தாம்சனும் கூட்டாளிகளும் 2013-ல் இதை வெளியிட்டாங்க. பூமி சூடாகிறதை ஒரு குத்துச்செடி தன் வாசனையில் எழுதி வெச்சிருக்கு.

மண், மழை, வெயில், இலையோட வயசு, பறிக்கிற பருவம் எல்லாமே எண்ணெயைக் கொஞ்சம் மாத்தும், அதை மறுக்கலை. ஆனா அது வால்யூமைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி. வேதிரகம்ங்கிறது பாட்டே வேற. பிரிச்சுப் பார்க்கச் சுலபமான வழி, வேற வேற இடத்துச் செடிகளிலிருந்து குச்சி ஒடிச்சு ஒரே பாத்தியில் நட்டு வளர்க்கிறது. மண்ணும் தண்ணியும் ஒண்ணான பிறகும் வாசம் வேறயா இருந்தா அது பிறவிக் குணம்.

*

இப்போ நம்ம துளசிக்குத் திரும்புவோம். துளசி மாடத்தில் எது பிழைக்கணும்னு முடிவு பண்றது பெரும்பாலும் நம்ம கைதான், உறைபனி இல்லை. பக்கத்து வீட்டில் விதை வாங்குறோம், கோவிலில் கொடுத்த கொத்தை நட்டு வைக்கிறோம். பூவுக்குத் தேனீ வரும், மகரந்தம் கலக்கும், விதையில் வர்ற பிள்ளை தாய் மாதிரியே இருக்கணும்னு கட்டாயம் இல்லை.

இந்தக் கலவையிலிருந்துதான் ஆராய்ச்சிக்காரங்க பொறுக்கி எடுத்தாங்க. 1959-ல் தொடங்கின நிறுவனம்தான் இப்போ லக்னோவில் இருக்கிற சீமாப். அங்கே உருவாக்கின சிம்-ஆயு ரகத்தோட எண்ணெயில் எண்பது சதவீதத்துக்கு மேல யூஜினால். சிம்-அங்கனா ஊதாத் துளசி, அதில் யூஜினால் ஏறக்குறைய பாதிதான். இதுக்கு நேர் எதிரா, தென்னிந்தியாவில் வளர்த்த ஒரு துளசியில் எழுபது சதவீதத்துக்கு மேல மீத்தைல் யூஜினால் இருந்ததா 2004-ல் ஆய்வுக் கட்டுரை வந்திருக்கு. நிறத்தை வெச்சு எண்ணெயைக் கண்டுபிடிக்கலாமான்னு கேட்டா, அது பேக்கர்-ஸ்மித் காலத்து ஆசை. ஊதா நிறம் கொடுக்கிறது ஆந்தோசயனின், வாசம் கொடுக்கிறது வேற இலாகா.

இதெல்லாம் ஏன் முக்கியம்? 'துளசி எண்ணெய்', 'துளசி சாறு'னு பாட்டிலில் விக்கிறாங்க. பேர் துளசி, உள்ளே எந்த ரகம்? உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2023-ல் மீத்தைல் யூஜினாலை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க அநேகமாக வாய்ப்புள்ளதுங்கிற பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவில் செயற்கை மீத்தைல் யூஜினாலை உணவில் சேர்க்கிற அனுமதியை 2018-லேயே எடுத்துட்டாங்க. உடனே தீர்த்தத்தில் போட்ட ரெண்டு இலையைப் பார்த்துப் பதற வேண்டாம். அந்தப் பட்டியல் ஒரு பொருளோட தன்மையைச் சொல்லுது, எவ்வளவு சாப்பிட்டா ஆபத்துன்னு சொல்லலை. ஆனா நூத்துக்கணக்கான கிலோ இலையைச் சுண்ட வைச்ச எண்ணெயைச் சொட்டுச் சொட்டா தினமும் உள்ளே தள்ளுறவங்க, லேபிளில் இருக்கிற துளசிப் படத்தைப் பார்க்காம, எந்த வேதிரகம், எத்தனை சதவீதம்னு கேட்கணும். பாலைக் காய்ச்சினதெல்லாம் பால்கோவா ஆகாதுன்னு புவிசார் குறியீடு வாங்கின ஊர்க்காரங்களுக்குத் தெரியாதா என்ன!

இன்னொரு கவலையும் உண்டு. நர்சரிகள் எல்லாம் ஒரே ரகத்தைக் குச்சி குச்சியாப் பெருக்கி வித்தா, வீட்டு வீட்டுக்கு வேற வேறயா இருக்கிற இந்தக் கலவை தேஞ்சு போகும். பால் கறக்கிற மாட்டுக்காகவும் ஓடுற குதிரைக்காகவும் கவலைப்படுற நாம, நாட்டு நாய் இனத்துக்காகக் கவலைப்படுற ராஜபாளையம், துளசிக்காகவும் கொஞ்சம் கவலைப்படலாம்.

கடைசியா அந்தப் பக்கத்துக் கல்லூரிப் பசங்களுக்கு ஒரு புராஜெக்ட் ஐடியா. லட்சக்கணக்கில் விலை போகிற கேஸ் குரோமட்டோகிராஃப் முதலில் வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருபது வீடு, ராஜபாளையத்தில் இருபது வீடு, ஒவ்வொண்ணிலும் துளசிக் குச்சி வாங்கி ஒரே பாத்தியில் நடுங்க. வளர்ந்ததும் ஒவ்வொரு செடியோட இலையையும் சம எடை எடுத்து, கசக்கி, தனித்தனி பாட்டிலில் போட்டு, மாம்பழ சீசனில் ஒரு தோப்பில் நல்லா இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்க. பாட்டில்களை இடம் மாத்தி மாத்தி நாலைஞ்சு தடவை செஞ்சு, எந்தப் பாட்டிலில் எத்தனை ஆண் ஈன்னு எண்ணுங்க. மெஷின் சொல்றதுக்கு முன்னாடி ஈ சொல்லிடும். 1915-ல் பூசாவில் ஹௌலட் கிட்ட இருந்ததும் அதே கருவிதான். முடிவு வந்தா எனக்கும் ஒரு வரி சொல்லுங்க, கத்துக்கிறேன்.